புஷ்பராணியாகப் பேசியது நான்

தர்மலிங்கம் முதலாளி, உங்கள் பாராட்டு விழா மேடையில் நீங்கள் சொன்னது பொய்.

"அந்தக் காலத்தில் என் கடைக்கு வந்த ஒரு தோட்டத்துச் செய்தியைக்கூட நான் தவறவிட்டதில்லை" என்று மாலையைப் போட்டுக்கொண்டு நின்று சொன்னீர்கள். சனம் கை தட்டியது. அந்தப் பேச்சு பத்திரிகையிலும் வந்தது. ஒரு செய்தி போய்ச் சேரவில்லை. அது எப்படிப் போய்ச் சேராமல் போனது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதைச் செய்த வாய் என்னுடையது.

வாசிக்கிற உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். புஷ்பராணி என்ற பெண்ணுக்குக் கிடைக்க இருந்த ஆசிரியர் வேலையை, நான் அவளாக நடித்துத் தொலைபேசியில் பேசி, வேண்டாம் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் சொன்னேன். இத்தனை வருடமாக மறைத்தும் வைத்திருக்கிறேன்.

அது மட்டுமில்லை. அந்தப் பழி இன்னொருத்தி மேல் விழுந்தது. அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேசாமல்கூட இல்லை... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நன்றாக எழுதத் தெரிந்தவள் அல்ல. பத்தாம் வகுப்புக்குப் பிறகு எழுதுகிற ஓ.எல். பரீட்சை வரை படித்தேன், கணக்கில் தவறினேன். அதோடு சரி. மடுல்சீமைப் பக்கம் பஸ் திரும்புகிற சந்தியில் தர்மலிங்கம் முதலாளியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்பக்கம் பலசரக்கு. பக்கத்து அறையில் பலகையால் அடித்த கூண்டு, அதற்குள் ஒரு தொலைபேசி. வெளியே 'கொமினிகேஷன்' என்று போர்டு. அந்த அறைதான் என் பொறுப்பு.

இப்போது தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்ணின் மடியிலும் ஒரு போன் கிடக்கிறது. தொண்ணூறுகளில் அப்படி இல்லை. சுற்றியிருந்த மூன்று தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் எங்கள் கடை நம்பர்தான் நம்பர். கொழும்பில் வேலை செய்கிற மகன் அதற்குத்தான் எடுப்பான். குவைத்துக்குப் போன மகளும் அதற்குத்தான் எடுப்பாள். வங்கிப் படிவம், ஆஸ்பத்திரித் துண்டு, வேலைக்கான விண்ணப்பம், எதில் 'வீட்டுத் தொலைபேசி இலக்கம்' என்று கேட்டாலும் எல்லாரும் எங்கள் நம்பரைத்தான் எழுதினார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. வேறு எதை எழுதுவது?

கடை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. யாருக்காவது அழைப்பு வரும் என்று சொன்னால் அதில் பெயரையும் நேரத்தையும் எழுதுவேன். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் போகிறவர்கள் பார்த்து லயத்தில் சொல்லிவிடுவார்கள். ஆள் நேரத்துக்கு வந்து கூண்டுக்குள் நிற்கும்.

உள் அறையில் இன்னொரு ரிசீவர் இருந்தது. அதே லைன். பேச்சு தொடங்கிவிட்டதா, முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான் முதலாளி அதை வைத்தார். நான் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு முழுப் பேச்சையும் கேட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. எல்லா நாளும். மூச்சுச் சத்தம் போகாமல் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். புருஷன் பொண்டாட்டி சண்டை, சவூதியில் அடி வாங்குகிறவளின் அழுகை, வயிற்றில் பிள்ளை தங்கின கதை, எல்லாம் எனக்குத் தெரியும். பிறகு சாயங்காலம் முதலாளி தேத்தண்ணி குடிக்கும்போது, "இன்னைக்கு என்னா புள்ள செய்தி?" என்பார். சொல்லுவேன். அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கூண்டுக்குள் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு ரகசியம் பேசினார்களே அந்தச் சனங்கள்... அவர்களுக்கு நான் யார்?

புஷ்பராணி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நான் தவறிய பரீட்சையில் அவள் தேறி, பதுளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி அதற்கு மேல் ஏ.எல். பரீட்சையும் முடித்தாள். லயத்தில் அந்த வயதில் அவ்வளவு படித்தவள் அவள் ஒருத்திதான். திரும்பி வந்து வேலைக்காகக் காத்திருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள். சனம் படிவங்களைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டும். அவளும் நிரப்பிக் கொடுப்பாள்.

ஒரு நாள் ஒரு கிழவர் அடையாள அட்டைப் படிவத்தோடு வந்தார். நான் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் கொடுத்தார்.

"நம்ம லெட்சுமியும் எழுதுமே தாத்தா" என்றாள் புஷ்பா.

"அந்தப் புள்ளைக்கு போன் சுத்தத்தான் தெரியும்" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பா சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். சிரித்திருந்தால் எனக்கு இன்றைக்கு வசதியாக இருந்திருக்கும்.

தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. புஷ்பா விண்ணப்பித்தாள். முதலாளியின் மகள் சுகந்தியும் விண்ணப்பித்தாள். எழுத்துப் பரீட்சை நடந்தது. அடுத்தது நேர்முகம். அதற்கான கடிதத்துக்குத்தான் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சுகந்தியின் கடிதம் சந்திக் கடைக்கு வரும். புஷ்பாவின் கடிதம் அப்படி வராது. தோட்டத்துக்கு வருகிற கடிதம் லயத்துக்கு வருவதில்லை, தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே கிளாக்கரின் மேசையில் கிடந்து, அவருக்கு நேரம் வந்தால் கையில் கிடைக்கும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும்.

அவளுடையது திரும்பிப் போனது.

இது எனக்கு எப்படித் தெரியும்? பதுளையில் கல்விக் கந்தோர் என்கிற கல்வி ஆபீசில் இருந்த ஒரு கிளாக்கர் கடைக்குப் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. முகம் தெரியாது, பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"புஷ்பராணியின்ர வீடோ?"

"ஆமாங்க சேர். கூப்பிட்டு விடணும்" என்றேன். வழக்கமாகச் சொல்கிற பதில்தான்.

"அவவுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்திட்டுது பிள்ளை. வாற வியாழக்கிழமை நேர்முகம். பத்து மணிக்கு சேட்டிபிக்கட்டுகளோட வரச் சொல்லும். அண்டைக்கு வர ஏலாட்டி இன்னொரு தேதி தரலாம். வேலை வேண்டாமெண்டா அவவே சொல்லவேணும், அப்பதான் நாங்கள் அடுத்த ஆளுக்குப் போகலாம். விளங்கினதோ?"

விளங்கியது. நல்ல மனுஷன். ஒரு கடிதம் திரும்பி வந்ததற்காக எந்தக் கந்தோரில் போன் எடுத்துச் சொல்வார்கள்?

நான் அப்போது கெட்டவளாக இல்லை. கரும்பலகையில் அவள் பெயரை எழுதினேன். 'புஷ்பராணி. பதுளை. அவசரம்.' இப்படித்தான் எழுதினேன்.

முதலாளி வெளியே வந்து பார்த்தார். "என்னா அவசரம்?" என்றார். சொன்னேன். தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்தப் பெயரை அழித்தார்.

"நம்ம சுகந்தி அதே லிஸ்ட்லதான் இருக்கா. இவளுக்கு அடுத்த பேரு. நேத்துத்தான் ஒராள் சொன்னாரு" என்றார்.

நான் கையிலிருந்த சோக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"அவ கெட்டிக்காரி லெட்சுமி. அவளுக்கு வேற நூறு வேல கெடைக்கும். நம்ம புள்ளைக்கு இத விட்டா என்னா இருக்கு? ஒரு வார்த்தை. வேணாம்னு சொல்லு. அவ்வளவுதான்."

"நான் எப்படிங்க முதலாளி..."

"ஊர்ல இருக்கிறவுங்க கொரல் எல்லாம் நீ பேசிக் காட்டுவியே. எங்கள சிரிக்க வைப்பியே."

ஆமாம். செய்வேன். உள் ரிசீவரில் கேட்டுக் கேட்டு, யார் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார்.

அவர் என்னை மிரட்டினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் மிரட்டவில்லை. வேலையை விட்டு நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. எதையும் தருவேன் என்றும் சொல்லவில்லை. கேட்டார். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? எத்தனையோ தரம் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். வருகிற பதில் ஒன்றுதான். அவள் டீச்சராகி, சேலை கட்டி, குடை பிடித்து அந்தச் சந்தியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடப்பதை நான் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை நான் பார்க்க விரும்பவில்லை. இதுதான் உண்மை. இதைவிடக் கௌரவமான காரணம் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை முதலாளியே நம்பரைச் சுற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

"சேர், நான் புஷ்பராணி பேசுறேன்" என்றேன். அவளுடைய குரல் கொஞ்சம் தடித்தது, ஒவ்வொரு சொல்லும் நிறுத்தி வரும். அப்படியே பேசினேன்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை." தாள் புரட்டுகிற சத்தம். "இப்ப எங்களுக்கு நம்பர் காட்டுற பெட்டி ஒண்டு வச்சிருக்கினம். நீர் எடுக்கிற நம்பர் இதில விழுது. விண்ணப்பத்தில இருக்கிற நம்பர்தான். ஓம், சரி. சொல்லும்."

அந்தப் பெட்டி பொய் சொல்லவில்லை. நம்பர் சரியான நம்பர். அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள்தான் பொய். மூன்று தோட்டத்துக்கும் ஒரே நம்பர் என்று பதுளையில் இருக்கிற பெட்டிக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷனுக்கும் எப்படித் தெரியும்?

"எனக்கு வேல வேணாங்க சேர்."

"ஏன் பிள்ளை?"

"கலியாணம் பேசிட்டாங்க."

"கலியாணம் செய்தா படிப்பிக்க ஏலாதோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், பேசு என்று.

"வீட்டுல வேணாங்கிறாங்க சேர்."

"வீட்டுக்காரரோட நான் கதைக்கட்டோ? நல்ல மாக்ஸ் எடுத்திருக்கிறீர். அரசாங்க உத்தியோகம் பிள்ளை, திரும்பக் கிடையாது. யோசியும்."

"யோசிச்சுட்டேங்க சேர்."

"சரி. அப்ப மறுத்ததெண்டு எழுதிறன். சந்தோஷமா இரும்" என்றார்.

சந்தோஷமாக இரு என்று அவர் சொன்னது அவளை. கேட்டது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பா வந்தாள். "என்னாடி லெட்சுமி, பதுளையிலருந்து எனக்கு எதும் போன் வந்துச்சா?"

"இல்லடி."

"வரும் வரும். ஒன் நம்பர்தான் குடுத்திருக்கேன். வந்தா ஒடனே ஆள் அனுப்பு, என்னா? காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னாலும் ஓடி வந்துருவேன்."

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். வேலையை மறுத்தது ஒரு நாள் பாவம் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாதம் ஒன்று போன பிறகு அவளே பதுளைக்குப் போய்க் கேட்டாள். கவுண்டரில் வேறு யாரோ, பட்டியல் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்களாம். சுகந்தி சேலை கட்டிப் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"அவுங்களுக்கு ஆளு இருக்கு. நமக்கு யாரு?" என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வருடம் ஒரு ஏஜென்டைப் பிடித்து லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஏ.எல். படித்தவள், யாரோ வீட்டுக் குளியலறை கழுவப் போனாள்.

அங்கிருந்து அவள் அம்மாவுக்குப் போன் எடுப்பாள். அம்மா கூண்டுக்குள், நான் உள் அறையில் இன்னொரு ரிசீவரோடு. ஆமாம், அப்போதும் கேட்டேன். முதல் அழைப்பிலேயே சுகம் விசாரித்து முடிந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, பதுளையிலருந்து கடிதம் ஏதும் வந்துச்சா?"

அவள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "இல்லியேம்மா" என்றார்.

அன்றைக்கு ரிசீவரை வைத்துவிட்டு, இனித் தொடுவதில்லை என்று நினைத்தேன். நல்ல கதையென்றால் அதோடு நிறுத்தியிருப்பேன். நான் நிறுத்தவில்லை. அடுத்த அழைப்பையும் கேட்டேன். அடுத்ததில் அவள் மறுபடி கேட்கிறாளா என்று தெரிந்துகொள்ளவே கேட்டேன்.

நாலு வருடம் கழித்து அவள் திரும்பி வந்தாள். கையில் பொசுங்கின தழும்பு இருந்தது, முடி கொட்டியிருந்தது. பாலர் பாடசாலையில் ஒரு சின்ன வேலைக்காகப் பழைய பரீட்சைப் பெறுபேற்றைச் சரிபார்க்க அதே கல்விக் கந்தோருக்குப் போனாள். அங்கே இருந்தவர் அதே கிளாக்கர். அவள் பெயரைக் கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்து பழைய கோப்பை எடுத்திருக்கிறார். "நீர்தானே பிள்ளை போன் எடுத்து வேண்டாமெண்டு சொன்னீர்? நான் எவ்வளவோ சொன்னனே" என்றாராம். கோப்பில் எழுதியும் இருந்ததாம். தொலைபேசியில் மறுத்தார், இலக்கம் சரிபார்க்கப்பட்டது என்று.

அவள் நேராகக் கடைக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கின வேகத்தில் வந்தாள்.

"லெட்சுமி, ஒங்க போன்லருந்து ஒரு பொம்பள என் பேர்ல பேசியிருக்கா. நீதான் அங்க இருந்த. யாருடி?"

முதலாளி கல்லாவில் இருந்தார். அவர் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எத்தன பேர் வர்ற எடம். நான் எங்க பார்த்தேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எங்க மதினி அந்த நாள்ல போன் பேச வருவாளா?"

மதினி என்றால் மலர்க்கொடி. புஷ்பாவின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே லயத்து அறையில் எல்லாரும் இருந்தார்கள். புஷ்பா படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள், மலைக்குக் கொழுந்து எடுக்க வருவதில்லை என்று மலர் முணுமுணுத்தது ஊருக்கே தெரியும். பண்டாரவளையில் இருக்கிற தன் அம்மாவோடு பேச மலர் கடைக்கு வருவதும் உண்மை.

இந்த இடத்தில் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு கேவலமானவள் இல்லை.

"வருவா... அந்த வாரமும் வந்த ஞாபகம்" என்றேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பொய்யில் முதலாளிக்குப் பங்கு இல்லை. இது முழுக்க என்னுடையது.

அன்றைக்குச் சாயங்காலம் லயத்தில் பெரிய சண்டை. அண்ணன் மலரை அடித்தார். அவள் சாமி சத்தியம், பிள்ளைகள் மேல் சத்தியம் என்று எல்லாம் செய்தாள். கந்தோர்ப் பெட்டியில் நம்பர் விழுந்திருக்கிறது, நீதான் அந்த வாரம் போனாய், லெட்சுமியே பார்த்திருக்கிறாள் என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள். மூத்த மகனை அண்ணன் தன்னோடு வைத்துக்கொண்டார். சின்ன மகளோடு மலர் பண்டாரவளைக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். இன்னும் திரும்பவில்லை.

நான் கல்யாணம் செய்து அந்தச் சந்தியை விட்டு வந்துவிட்டேன். கூண்டையும் கழற்றிவிட்டார்கள், இப்போது அந்த அறையில் ரீலோட் கார்ட் விற்கிறார்களாம். போன மாதம் பண்டாரவளைச் சந்தைக்குப் போனேன். ஒரு மரக்கறிக் கடையில் லீக்ஸ் கட்டுக்கு வேர் நறுக்கிக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். மலர். அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"லெட்சுமிக்கா, ஒன்னு கேக்கவா? நான் அம்மாகிட்ட மட்டுந்தான் பேசினேன். நீங்க அங்கதான் இருந்தீங்க. ஒங்களுக்குத் தெரியும்ல, அது நான் இல்லன்னு?"

நான் சந்தைப் பையைக் கை மாற்றினேன்.

"ஒரு தடவ அவுங்ககிட்ட வந்து சொல்றீங்களா? என் மகன் எங்கிட்டப் பேச மாட்டேங்கிறான். அத்தைக்குத் துரோகம் பண்ணினவள்னு சொல்றான்."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மலர்" என்றேன். வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் முதலாளியின் பேச்சைப் பத்திரிகையில் வாசித்தேன். அதே பத்திரிகைக்குத்தான் இதை அனுப்புகிறேன். புஷ்பாவின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பதுளைக்கு இரண்டு தரம் பஸ் ஏறினேன், இரண்டு தரமும் மடுல்சீமை பஸ்ஸுக்கு மாறாமல் அங்கிருந்தே திரும்பி வந்தேன். எழுதுகிறது சுலபம். எழுதும்போது அவள் முகம் எதிரில் இல்லை. இதையும் கோழைத்தனம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். புஷ்பா மன்னித்தாலும் அவளுக்கு வயது திரும்பாது. மலரின் மகன் ஒருவேளை இதை வாசித்துவிட்டு அம்மாவிடம் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தக் கிளாக்கர் ஓய்வு பெற்றுவிட்டார் என்கிறார்கள். தான் சரியாகச் சோதித்துத்தான் எழுதினேன் என்றே அவர் நம்பிக்கொண்டிருப்பார். என் புருஷனுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. அச்சில் வந்த பிறகு தெரியும்.

மலர் பேசவில்லை. நான் பேசினேன். என் பெயரை மறைக்காமல்தான் எழுதியிருக்கிறேன், முதலாளி. இனி உங்கள் முறை. தனியாக என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எந்தச் சனத்துக்கு முன்னால் மாலை வாங்கினீர்களோ அதே சனத்துக்கு முன்னால், புஷ்பராணியையும் மலர்க்கொடியையும் முன்வரிசையில் உட்கார வைத்து, பதில் சொல்லுங்கள். அன்று காலை பதுளைக்கு நம்பரைச் சுற்றிய கை யாருடையது?